தர்ஷீஸ் வியாபாரியின் இடது கை

என் கதைகளைப் படித்துவிட்டு, இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களிடம், கற்பனைதான் என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். எனக்கே அதில் நம்பிக்கை கிடையாது. என் கற்பனையை, அதன் மடியைச் சோதித்துப் பார்க்காமல் நான் உள்ளே விடுவதில்லை. அத்தையிடம் பட்ட பாடு அப்படி.

அத்தை அப்பாவின் தங்கை. மாமா கொழும்பில் கடை வைத்திருந்ததால், கொட்டாரம் ஊரில் எங்களோடு இருந்தாள். மிஷன் பங்களா வெள்ளைக்கார அம்மாளுக்காக லேஸ் பின்னுவாள். கண்ணும் கையும் நூலில் இருக்கும்; காது சும்மா இருக்கக்கூடாதென்று என்னை வேதக்கதை சொல்லவைப்பாள். வேதத்தில் இருந்தால் கதை, இல்லாவிட்டால் பொய். அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். பொய்க்குப் புளியம் விளாரால் அடி.

ஓய்வுநாள் பள்ளியில் கேட்ட கதைகளெல்லாம் தீர்ந்துபோன ஒரு மத்தியானம், வேதத்தில் வரும் தூரதேசமான தர்ஷீசுக்குக் கப்பலேறிய வியாபாரி ஒருவனை நானே உண்டாக்கினேன். நெடுநாள் கழித்துத் திரும்பியவன் சாப்பிட உட்கார்ந்தான். மனைவி வழக்கம்போல் வலப்பக்கம் தண்ணீர் வைத்திருந்தாள். அவன் கை இடப்பக்கம் துழாவியது. தர்ஷீசில் அவனுக்குச் சோறு போட்ட இன்னொருத்தி அந்தப் பக்கம்தான் வைப்பாள் என்றேன்.

அத்தையின் கை நின்றது.

"ஏட்டி, ஆரு சொல்லித் தந்தா? ஒங்கம்மையா?"

"ஆருமில்ல அத்தே. வேதத்தில உள்ளதாக்கும்."

"எந்த எடத்தில?"

"முன்பாதியில. ராஜாமாரு கதைக்கு எடையில."

அம்மா ஏவிவிட்டாள் என்று அத்தைக்குச் சந்தேகம். நான் எங்கோ ஒட்டுக்கேட்டேன் என்று அம்மாவுக்குச் சந்தேகம். இருவருக்கும் பேச்சு குறைந்தது. உண்மையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. முந்தின கிறிஸ்துமசுக்கு வந்திருந்த மாமா, எங்கள் வீட்டில் சாப்பிடும்போது அப்படித்தான் இடப்பக்கம் துழாவினார். நான் அதைப் பார்த்திருந்தேன் என்பதே பல வருஷம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது.

மறுநாளிலிருந்து லேஸ் பின்னும் திண்டு மூலையில் கிடந்தது. அத்தை வேதத்தை மடியில் விரித்து, வரிவரியாக விரலால் தடவித் தேடினாள். என் பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் தேடுகிறாள் என்று அவள் கண்ணில் படாமல் திரிந்தேன். ஒருநாள் கூப்பிட்டாள். விளாரை நினைத்துக்கொண்டே போய் நின்றேன். அவள் கையில் விளார் இல்லை.

"காணல்லியே மக்கா. பொறவு அந்தப் பொண்டாட்டி என்ன செஞ்சான்னு போட்டிருக்கு?"

தெரியாது என்று சொல்லிவிட்டு, தப்பித்த சந்தோஷத்தில் ஓடினேன். அந்த மனைவி செய்தது எதுவோ, அதையே தானும் செய்துவிடலாம் என்று அத்தை காத்திருந்தது அன்று எனக்கு விளங்கவில்லை.