மீனம்மாவை அப்புறப்படுத்திய நாள்

மீனம்மாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த போதகர், "சனங்களுக்கு முன்னால சாட்சியா இருங்க" என்றார். நல்லபடியாக வாழ்ந்து காட்டச் சொன்னார். மீனம்மாவோ பொலிஸில் சொல்லும் சாட்சி என்றே எடுத்துக்கொண்டாள்.

பேரை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. "எஸ்தர்னு வச்சுக்கலாமே" என்று அவர் கேட்டதற்கு, "ஐடென்டிகாட்ட யாருங்க மாத்துறது?" என்று முடித்துவிட்டாள்.

கந்தப்பளைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், மேட்டு லயத்தில் அவளுக்கு அடுத்த வீடு எனக்கு. லயத்தில் மற்ற எல்லாரும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். சபைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான். அதற்காக யாரும் அவளை ஒதுக்கவில்லை. பயந்தார்கள். கால் சுளுக்கு என்று காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு வராத அழகுமுத்துவைப் பற்றித் தோட்டத்து ஐயா விசாரித்தபோது, "நேத்து பந்து அடிச்சாரே, நல்லாத்தான் ஓடுனாரு" என்று சொன்னவள் அவள். அழகுமுத்துவின் பெண்சாதி பிள்ளை பெற்று வந்தபோது வீட்டுத் துணியெல்லாம் துவைத்துப் போட்டவளும் அவளேதான். ஆகவே அவனால் அவளை முழுசாகத் திட்டவும் முடியவில்லை.

நான் நோயாளி பராமரிப்புப் படித்து, அந்த வேலை பார்த்தவள். படுக்கையில் கிடப்பவரைப் புரட்ட இன்னொரு ஆள் வேண்டுமென்றால் மீனம்மாவைத்தான் கூப்பிடுவேன். முகம் சுளிக்க மாட்டாள். வாய்தான் ஆபத்து.

போன மாசி மாதம், எங்கள் லயத்து மனோரஞ்சிதத்தின் மகள் சுலக்ஷனாவைப் பெண் பார்க்கக் கொட்டகலையிலிருந்து வருவதாகச் செய்தி வந்தது. சுலக்ஷனாவுக்கு ஏற்கெனவே ஓர் இடத்தில் நிச்சயம் நடந்து, நின்றுபோயிருந்தது. அது தெரிந்தால் இந்த இடமும் கைவிட்டுப் போகுமென்று மனோரஞ்சிதம் நடுங்கினாள். லயமே வாயைப் பொத்திக்கொள்வதாகச் சத்தியம் செய்தது. பாக்கி ஒரே ஒரு வாய்.

"அக்கா, கும்பிட்டுக் கேக்குறேன். அன்னைக்கு மட்டும் அந்தச் சாட்சிக்காரிய எங்கயாவது தள்ளிக்கிட்டுப் போயிருங்க."

"தள்ளுறதுக்கு அவ என்ன உருளக்கெழங்கு மூட்டையா?"

"நுவரெலியாவுல கண்ணு காட்டணும்னு சொல்லிக்கிட்டே இருக்காள்ல, கூட்டிப்போங்க."

கூட்டிப்போனேன். லயத்துக்குக் கீழே முதல் வளைவிலேயே ஒரு வேன் சேற்றில் புதைந்து நின்றது. மீனம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளப் போய்விட்டாள். வேறு வழியில்லாமல் நானும் தள்ளினேன். வேன் ஏறி நின்றதும் பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மா இறங்கி வந்தார்.

"நல்லா இருப்பீங்க. பொண்ணு பாக்கப் போறோம். இங்க மீனம்மான்னு ஒருத்தங்க பொய்யே பேச மாட்டாங்களாமே, டவுன் கடையில சொன்னாங்க. அவங்கள ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் மேக்கொண்டு பேசணும்."

அவள் செத்துப்போய்விட்டாள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நாந்தாங்க" என்றாள் மீனம்மா, கைச்சேற்றை உதறிக்கொண்டே.

"அப்புடியா! பொண்ணு எப்புடிங்க?"

"நல்ல புள்ள. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப அதுதான் தண்ணி சுமந்து குடுத்துச்சு. கோவம் வரும். சோத்தக் கொழைய விட்டுரும்."

"முன்னாடி எங்கயும் பேச்சு நடந்துச்சா?"

அவள் காலை மிதித்தேன்.

"ஏங்க்கா மிதிக்கிறீங்க?" என்று என்னைக் கேட்டுவிட்டு, அவரிடம் சொன்னாள்: "அடுத்த வீட்டு விசயத்த ரோட்டுல வச்சுப் பேசுறதும் பாவந்தாங்க. அவங்களையே கேளுங்க."

அந்த அம்மா எங்களையும் வேனில் ஏற்றிக்கொண்டார்.

லயத்து வாசலில் வேனைவிட்டு முதலில் இறங்கியவள் மீனம்மா. மனோரஞ்சிதம் என்னைக் குசினிக்குள், அடுப்புப் பக்கம் இழுத்தாள்.

"இதுக்கா ஒங்கள அனுப்புனேன்?"

பின்னாலேயே வந்த மீனம்மா, "நான் ஒண்ணும் சொல்லலடி. ஆனா கேட்டா இல்லன்னும் சொல்ல மாட்டேன். நீயே சொல்லிரு" என்றாள்.

"சொன்னா எந்திரிச்சுப் போயிருவாங்க!"

"இன்னைக்குப் போனா வேனோட போகும். கட்டிக் குடுத்தப்பறம் தெரிஞ்சா புள்ளையில்ல திரும்பி வரும்?"

இவர்கள் வாதாடிக்கொண்டிருக்கும்போதே சுலக்ஷனா தேத்தண்ணித் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டாள்.

"ஒரு எடத்துல நிச்சயம் ஆச்சுங்க. நாந்தான் வேணாம்னுட்டேன்."

ஒருவரும் கோப்பையைத் தொடவில்லை. "ஏம்மா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"நிச்சயத்தன்னைக்கே குடிச்சுட்டு வந்து எங்கம்மாவ ஏசுனாரு."

அவர் மீனம்மாவைப் பார்த்தார். "நெசமா?"

"நெசந்தாங்க. வாசல்ல விழுந்து கெடந்தவரத் தூக்குனதே நானும் இந்தக்காவுந்தான். நல்ல கனம்."

மனோரஞ்சிதம் அன்று முதல் தடவையாக மீனம்மாவை நன்றியோடு பார்த்தாள். அந்த நன்றி நீடிக்கவில்லை. மீனம்மா மாப்பிள்ளை தரணிதரனிடம் திரும்பி, "தம்பி குடிப்பீங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

"எம்புள்ளையா? வாசம்கூடத் தெரியா..." என்று அவர் அம்மா தொடங்கினார்.

"கல்யாண வீட்டுல மட்டும்" என்றார் தரணிதரன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"எந்தக் கல்யாணத்துலடா?"

சுலக்ஷனாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இந்த வருசம் எத்தன கல்யாணம் இருக்கு?"

"ஒண்ணுதான். நீங்க சரின்னா" என்றார் அவர். "அதுல குடிக்க மாட்டேன்."

"அத மீனம்மாக்காவப் பாத்துச் சொல்லுங்க."

பார்த்துச் சொன்னார். மீனம்மா தலையாட்டினாள். அன்றைக்கே தட்டு மாற்றினார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் வேனில் ஏறும்வரை மகனை விடவில்லை.

"எந்தக் கல்யாணத்துலன்னு கேட்டேன்லடா?"