சாதாவுக்குத் தட்டும் வண்டி

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் பங்கில் ஒன்பது வருஷமாக வேலை செய்கிறேன். வண்டி வந்து நின்றதும், மீட்டரில் சைபரைப் பார்க்கச் சொல்வதற்கு முன்னால், நான் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சாதாவா, பிரீமியமா? ஒருமுறை வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு டீ ஊற்றும்போது இதையே கேட்டுவிட்டேன். அவர் பிரீமியம் என்று சொல்லி, ஏலக்காய் போட்ட டீயை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்.

வேடிக்கை என்னவென்றால், கேள்வி கேட்கும் எனக்கே பதில் தெரியாது. பிரீமியம் ஊற்றினால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால், பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிப்பேன். அதில் அழுக்கெடுக்கும் மருந்து கலந்திருக்கிறது, இன்ஜினுக்குள் கரி படியவிடாது, ஆக்டேன் கூடுதல், அதனால் வண்டி தட்டாது, அதாவது மேடு ஏறும்போது இன்ஜினுக்குள் டிக்டிக்கென்று அடிக்காது. ஆட்டோக்காரர்கள் சிரிப்பார்கள். புது பைக் வைத்திருக்கும் பிள்ளைகள் நான் சொல்லி முடிப்பதற்குள் தலையாட்டிவிடுவார்கள். இரண்டும் ஒரே டேங்கர் லாரியில்தான் வருகின்றன, பக்கத்துப் பக்கத்து அறையில். மூடியைத் திறந்தால் இரண்டுக்கும் ஒரே வாசனை. என் ஸ்கூட்டியில் இரண்டையும் ஊற்றி ஓட்டிப் பார்த்தேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை, என் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் மனசுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

என் தம்பி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

அவன் என்னைவிட மூன்று வயது இளையவன். கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறான். கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் துரு தட்டும் வேலைக்குப் பல வருஷம் போனான். இரும்புக் கூட்டுக்குள் உட்கார்ந்து நாள் முழுக்கச் சுத்தியலால் தட்டும் வேலை. காது கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. முதலில் கொசு ரீங்காரம் போனது, பிறகு போன் மணி, கடைசியில் நாங்கள் கூப்பிடுவது. காதுக் கருவி வாங்கிக்கொடுத்தோம். அதை மாட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போனால் வெறும் இரைச்சல்தான் வருகிறது என்று கழற்றி டிராயரில் போட்டுவிட்டான். உதடு பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வான். பதில் சொல்லும்போது சில சமயம் கத்துவான், சில சமயம் அவனுக்கே கேட்காத மாதிரி முணுமுணுப்பான்.

இப்போது ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்டு அலுவலகத்தில் வேலை. கப்பல் சரக்குக்கான காகிதங்களை பைக்கில் எடுத்துக்கொண்டு எண்ணூர்ப் பக்கமுள்ள கண்டெய்னர் யார்டுகளுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வரவேண்டும். டாக்டரிடம் காட்டி, ஆர்.டி.ஓ. அலுவலகம் போய் லைசென்ஸையும் முறையாக மாற்றிக்கொண்டான். சட்டத்துக்குத் திருப்தி, எனக்குத்தான் திருப்தி இல்லை. அந்தச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும், நகர்ந்தால் யாருக்கும் வழிவிடாது. காது கேட்கிறவனே தடுமாறுகிற இடம். சாயங்காலம் அவன் வண்டி வாசலில் வந்து நிற்கும்வரை தெருவையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"காது போனா இன்னாக்கா, கை கீதுல்ல" என்பான் அவன்.

கை இருக்கிறதுதான். ஆனால் அந்தக் கையைப் பற்றி அவன் விட்ட கதைகளைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. சாதா ஊற்றினால் எர்ணாவூர் மேம்பாலம் ஏறும்போது ஹேண்டில்பாரில் கடுகு பொரிவது மாதிரி உள்ளங்கையில் தட்டுகிறதாம். பிரீமியம் ஊற்றினால் அந்தக் கடுகு அடங்கிவிடுகிறதாம். அவனுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெரிய பைக். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு விடுமுறை, எனக்கு முதல் ஷிப்டு. அன்றைக்கு அவன் வண்டியை நான்தான் எடுத்துக்கொண்டு போவேன், திரும்பும்போது என் செலவில் டேங்க் நிறைய பிரீமியம் போட்டுக்கொண்டு வருவேன். வீட்டில் எதற்கும் என்னைச் செலவு செய்யவிடாத பயல், இந்த ஒன்றுக்கு மட்டும் சம்மதித்திருந்தான். அதற்கு முன்னால், அவன் சாதா ஊற்றியிருந்த ஒரு நாள், அதே வண்டியை அதே பாலத்தில் நானும் ஓட்டியிருக்கிறேன். கடுகும் இல்லை, உளுத்தம்பருப்பும் இல்லை.

ஒரு நாள் யார்டு வாசலில் ஒரு லாரி அவனை உரசிக்கொண்டு போனது. முழங்கையில் சிராய்ப்போடு வந்து நின்றான். போதும், ஆபீஸுக்குள்ளேயே உட்கார்ந்து செய்கிற வேலையாகக் கேள் என்று மன்றாடினேன். லாரிக்காரன் மேல்தான் தப்பு, யாராக இருந்தாலும் உரசியிருப்பான் என்று அவன் பிடிவாதம் பிடித்தான். உன்னிடம் பேசுவது செவிடன் காதில் ஊதின சங்கு என்று என் வாய் சொல்லிவிட்டது. அவன் என் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து மாடிக்குப் போய்விட்டான்.

அன்றைக்குத்தான் என் மனசில் அந்தச் சோதனை முளைத்தது. வரும் ஞாயிறு அவனுக்குத் தெரியாமல் சாதாவை ஊற்றுவது. பிரீமியம் என்று சொல்வது. அவன் கை கண்டுபிடித்துவிட்டால் நான் வாயை மூடிக்கொள்வேன். கண்டுபிடிக்காவிட்டால், கையால் கேட்கிறேன் என்பதெல்லாம் வெறும் வீம்பு. அவன் முதலாளியிடமே போய்ப் பேசி, வண்டியை அவன் கையிலிருந்து வாங்கிவிடுவேன்.

பழைய பிரீமியம் தீர்ந்து ரிசர்வ் வரும்வரை காத்திருந்து சாதாவை நிரப்பினேன். பிரீமியமா என்று அவன் கேட்டான், ஆமாம் என்றேன். திங்கள்கிழமை சாயங்காலம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டான், சிரித்தான், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் சாதா. அதற்கடுத்த ஞாயிறும் சாதா. மூன்று வாரம், ஒரு வார்த்தை இல்லை. எனக்கு ஒரு பக்கம் ஜெயித்துவிட்ட திருப்தி, இன்னொரு பக்கம் அவன் பொய் சொல்லிக்கொண்டிருந்தான் என்ற வருத்தம்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு ராயபுரம் போனேன். முதலாளி நல்ல மனுஷர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அடுத்த மாசத்திலிருந்து எண்ணூர் போக வேறு ஆளைப் பார்க்கிறேன், அவனுக்கு உள்ளே ஏதாவது வேலை இருக்கிறதா என்று யோசிக்கிறேன் என்றார். அவன் இன்றைக்கு லீவு சொல்லியிருக்கிறானே, உடம்புக்கு என்ன என்றும் கேட்டார். எனக்குத் தெரியாது. காலையில் வழக்கம்போல வண்டியை எடுத்துக்கொண்டுதான் கிளம்பினான்.

திரும்பி வரும்போது கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி நடந்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கின் கடை. வாசலில் தம்பியின் பைக் நின்றது. இன்ஜினின் தலைப்பாகத்தைத் தனியாகக் கழற்றி வைத்திருந்தார். கீழே விரித்திருந்த நியூஸ்பேப்பரில் கரித்தூள்.

வண்டிக்கு என்ன ஆயிற்று என்று பதறினேன். மெக்கானிக் சுரண்டுவதை நிறுத்தவில்லை. என்னிடம் சொல்லவேண்டாம் என்று தம்பி சத்தியம் வாங்கியிருக்கிறான் என்றார். பிறகு அவருக்கே பொறுக்காமல் சொல்லிவிட்டார்.

"மூணு வாரம் முன்னாடி திங்கக்கெழமையே வந்துட்டான்க்கா. யக்கா சாதா ஊத்திருக்கு, கைல துட்டு இல்ல போலக்கீது, கேட்டா சங்கடப்படும்ன்றான். நீ எதுனா பண்ணி, சாதாவுக்கே தட்டாத மாரி வண்டிய மாத்திக் குடுன்றான்."

கடை வாசலில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

மெக்கானிக் முதலில் நம்பவில்லையாம். நீண்ட ஸ்க்ரூடிரைவரை இன்ஜின் மேல் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டும் ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம் தம்பியின் பின்னால் உட்கார்ந்து எர்ணாவூர் மேம்பாலம் ஏறியிருக்கிறார். லாரி இரைச்சல் ஓய்ந்த ஒரு நிமிஷத்தில், காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கேட்டபோதுதான் மெல்லிசாக டிக்டிக்கென்று கேட்டதாம். தம்பி அதற்கு முன்பே விரலால் அவர் தொடையில் அதே தாளத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தான்.

பிரீமியம் ஊற்றுவதால் உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறதா என்று, ஒன்பது வருஷமாக மற்றவர்கள் என்னிடம் கேட்டதை நான் அவரிடம் கேட்டேன். என் ஸ்கூட்டிக்கு ஊற்றுவதும் ஒன்றுதான், ஊற்றாததும் ஒன்றுதான் என்றார். இது அழுத்தம் அதிகமுள்ள இன்ஜின். முன்பு வைத்திருந்தவன் கவனிக்காததால் உள்ளே கரி அப்பிவிட்டது. அதனால் சாதா பெட்ரோல் நேரங்கெட்ட நேரத்தில் வெடிக்கிறது, அதுதான் தட்டல். பிரீமியம் அதைத் தாங்கிக்கொள்கிறது. அதிலுள்ள அழுக்கெடுக்கும் மருந்து இத்தனை தடிமனான கரியை ஒரு டேங்கில் கழுவிவிடாது, ஆரம்பத்திலிருந்து ஊற்றியிருந்தால் ஒருவேளை இவ்வளவு படிந்திருக்காது. அவ்வளவுதான், இதில் மாயமந்திரம் ஒன்றுமில்லை என்றார்.

பிஸ்டனை விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். என் உள்ளங்கைக்குள் அடங்குகிற வட்டம். பாலம் ஏறும்போது இதன் தலைக்கு மேல் நிமிஷத்துக்கு இரண்டாயிரம் தடவை பெட்ரோல் வெடிக்கிறதாம். அதில் சில வெடிப்பு மட்டும் ஒரு நூலிழை முந்திக்கொள்கிறது. அந்த நூலிழையை, காதுள்ள நாங்கள் எல்லோரும் தவறவிட்டதை, அவன் கை பிடித்திருக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சாமி சந்நிதியில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை, பொய் சொல்வானேன். தினமும் என்னோடு ஒரே வீட்டில் சோறு சாப்பிடுகிறவன் இப்படி ஒரு கையை வைத்துக்கொண்டிருக்கிறான், நான் அதை வீம்பு என்று நினைத்தேன்.

இன்ஜினின் தலையைத் திரும்பப் பூட்டும்போது இடையில் வைக்கிற கேஸ்கெட்டைப் புதுப்பேட்டையில் வாங்கிக்கொண்டு தம்பி வந்தான். என்னைப் பார்த்ததும் மெக்கானிக்கை முறைத்தான். நான் எழுந்து அவன் முன்னால் நின்றேன். தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்கலாம் என்றால் அவனிடம் அது முடியாது. குனிந்தால் அவனுக்கு என் உதடு தெரியாது. நிமிர்ந்து, முகத்துக்கு நேராக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். எனக்குப் பணமுடை ஒன்றும் இல்லை, உன்னைச் சோதிக்கத்தான் சாதா ஊற்றினேன், இப்போது உன் முதலாளியிடம் போய் வண்டி வேலையிலிருந்து உன்னை எடுக்கச் சொல்லிவிட்டு வருகிறேன்.

"மொதலாளியாண்டயா போன?" என்று மட்டும் கேட்டான். பிறகு மெக்கானிக்கின் பக்கத்தில் குந்தி, கரி சுரண்டுவதற்கு ஒரு கை கொடுத்தான். வீட்டுக்கு வந்ததும் நேரே மாடிக்கு ஏறிவிட்டான். அது நியாயம்தான்.

மறுநாள் காலை வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். என் கையைப் பிடித்து ஹேண்டில்பாரில் வைத்து, ஆக்சிலரேட்டரை முறுக்கினான்.

"இன்னா தெரியுது?"

"நடுங்குது. அவ்ளோதான்."

"அவ்ளோதானா? அப்ப நீ இனிமே வண்டி ஓட்டாத. நான் உங்க மேனேஜராண்ட வந்து சொல்றேன்."

முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் பின் சீட்டைத் துணியால் துடைத்து, ஏறு என்று தலையசைத்தான். அவன் காது போன பிறகு அந்த வண்டியில் அவன் பின்னால் நான் ஏறியதே இல்லை. ராயபுரம் போய், முதலாளியிடம் நேற்றுச் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். நேற்று ஒன்று சொல்கிறீர்கள், இன்று ஒன்று சொல்கிறீர்கள் என்றார். நேற்றுச் சொன்னது என் பயம், இன்று சொல்வதுதான் நிஜம் என்றேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எண்ணூருக்குப் போகவேண்டிய காகிதக் கட்டைத் தம்பியிடம் நீட்டினார்.

போகிற வழியில் என்னைப் பங்கில் இறக்கிவிட்டுப் போவதாக ஏற்பாடு. நெடுஞ்சாலையில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் கண்ணாடியைப் பார்ப்பதும், முன்னால் பார்ப்பதும், மறுபடி கண்ணாடியைப் பார்ப்பதுமாக இருந்தான். திடீரென்று முதுகுக்குப் பின்னால் ஒரு கண்டெய்னர் லாரியின் ஹாரன் அலறியது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவனுக்கு அது கேட்கவில்லை. அதற்கு முன்பே எப்போதோ வண்டியை இடது ஓரத்துக்குக் கொண்டுபோயிருந்தான்.