பார்த்தவர் பெயர்

ஒன்பது பள்ளிக்கூடம், மூன்று நூலகம், எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை. நூலகக் கதவில் காட்டினால் கதவு திறக்கும். அட்டை எண்ணைக் கணினியில் போட்டால் பாடமும் வரும், புத்தகமும் வரும். இந்த ஏற்பாட்டைக் கட்டியவளை அலுவலகத்தில் சாவிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். சேர்க்கைப் படிவம் தட்டச்சு செய்ய வந்து, ஒரே பிள்ளையின் பெயரைப் பத்து இடத்தில் தட்டிச் சலித்துப்போய், பதினெட்டு வருஷத்தில் இங்கே வந்து நின்றவள். அழுத்தக்காரி. சிரித்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களோ என்னவோ, சிரிக்க மாட்டாள்.

அவள் சண்டை போட்டு வாங்கிய விதி ஒன்று உண்டு. ஒரு பிள்ளையின் பதிவை யார் திறந்து பார்த்தாலும், பார்த்தவர் பெயரும் காரணமும் உடனே அந்தப் பிள்ளைக்குப் போய்விடும். கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒருவர் குதித்தார்.

“சின்னப் பசங்களுக்கு எதுக்கு மேடம் இதெல்லாம்?”

“உங்க பையைத் தொறந்து பாத்தது யாருன்னு உங்களுக்குத் தெரிய வேணாமா சார்?”

மனிதர் உட்கார்ந்துவிட்டார். பார்த்தவர் பெயரைச் சொல்லும் அந்த வரியைத் தன்னாலும் அழிக்க முடியாதபடி கட்டிவைத்தாள்.

இவளுக்கு ஒரே மகள், அந்த ஒன்பதில் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. பள்ளி விட்டதும் நூலகத்தில் படித்துவிட்டு ஆறரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். எதிர்வீட்டுத் தையல்காரம்மா சும்மா இருப்பாளா? “உன் பொண்ண பஸ் ஸ்டாப்புல பாத்தேன். யாரோ பையனோட ஒரே சிரிப்பு” என்று பற்றவைத்துவிட்டுப் போனாள். மகளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் பொய் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

மறுநாள் மதியம் மகளின் நூலகப் பதிவைத் திறந்தாள். திரை காரணம் கேட்டது. ஒரு நாளைக்கு நூறு பதிவு திறக்கிற கை, பழக்கதோஷத்தில் ‘பழுது பார்த்தல்’ என்று தட்டிவிட்டது.

ஒரு மாதமாகத் தினமும் நாலேகாலுக்கு உள்ளே, ஆறு மணிக்கு வெளியே. ஒரு நாள்கூடத் தவறவில்லை. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். அந்த நிம்மதி அரை நிமிஷம் நிற்கவில்லை. திரையின் அடியில், அவள் கட்டிய அதே வரி, அவள் பெயரோடு, மகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. அடிப்பாவி, ஊருக்கெல்லாம் சட்டம் பேசியவள்! அழிக்க வழி தேடவில்லை. இல்லையென்று அவளுக்குத்தானே நன்றாகத் தெரியும்.

சாயங்காலம் மகள் கைபேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“பழுது சரியாயிடுச்சாம்மா?”

சாவிக்காரிக்கு அவமானத்தில் காது சுட்டது. “தப்புதான்டி. தையல்காரம்மா ஏதோ சொன்னா, மனசு கேக்கல.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

மகள் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

காலையில் அவள் பள்ளிக்குப் போன பிறகு பார்த்தால், மேசைமேல் மகளின் அட்டை கிடந்தது. சாவிக்காரிக்கு அன்று வேலையே ஓடவில்லை. சீக்கிரமே வீட்டுக்கு வந்து வாசலில் நின்றாள். சரியாக ஆறரைக்கு மகள் வந்தாள்.

“எங்கடி போயிருந்த?”

“லைப்ரரிக்கு.”

“கார்டு இல்லாம கதவு தொறக்காதே?”

“தொறக்கல. வாசப்படியில உக்காந்து படிச்சேன்” என்று சொல்லிவிட்டு மகள் உள்ளே போனாள். சீருடையின் பின்பக்கம் முழுக்கத் தூசி.