கம்பம் பார்த்து நிறுத்திய கார்

திருச்செங்கோட்டில் போர்வெல் லாரி வைத்திருப்பவன் அறுபதை நெருங்கும் வயதில் சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினால் ஊர் என்னென்ன சொல்லுமோ, அதையெல்லாம் என்னைப் பற்றியும் சொன்னது. இரண்டே கதவு. பெங்களூரில் யாரோ ஓட்டிச் சலித்த வண்டி. வாழ்நாள் முழுக்க லாரியில் ஏறிப் பழகிய நான், குனிந்து நுழைந்த ஒரே வண்டி அதுதான். என் மனைவி அதைச் செருப்பு என்பாள். "ஏனுங்க, செருப்ப எடுக்கறீங்களா, இல்ல பஸ்ஸுலயே போயிரலாமா?"

சில வருடங்கள் நன்றாகத்தான் ஓடியது. பிறகு என் முழங்கால்கள் இரண்டும் பேசிவைத்துக்கொண்டு மக்கர் பண்ணத் தொடங்கின. காருக்குள் விழுவதில் சிரமமே இல்லை. எழுந்து வெளியே வருவதுதான் நடக்கவில்லை. மின்கம்பத்தை ஒட்டி நிறுத்தினால், கதவைத் திறந்து கம்பத்தைக் கட்டிப்பிடித்து எழுந்துவிடலாம் என்று கண்டுபிடித்தேன். அதன் பின் கம்பம் இல்லாத இடங்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. டீ நன்றாக இருக்கும் கடையை விட்டுவிட்டு, கம்பம் நன்றாக இருக்கும் கடைக்குப் போனேன். அஸ்தம்பட்டியில் நெருங்கிய சொந்தத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வாசலில் ஒரு கம்பம் நடத் தெரியாதவனெல்லாம் எதற்கு மண்டபம் கட்டுகிறான் என்று திட்டிக்கொண்டே சாப்பிடாமல் வீடு திரும்பினேன்.

வீட்டில் கார் நிறுத்தும் இடத்தில் வேப்பமரம் இருந்ததால் மனைவிக்கே விஷயம் தெரியாது. மகனுக்குத் தெரிந்தால் சாவியை வாங்கிக்கொள்வான். சாவி போனால் அடுத்தது லாரிகள் போகும். பிறகு நான் மூலையில் உட்கார்ந்து டிவியில் செய்தி பார்க்க வேண்டியதுதான். கிழவனாகிவிட்டேன் என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அவ்வளவுதான்.

காரை விற்கவும் வழியில்லை. எங்கள் தொழிலில் ஒருவன் காலையில் காரை விற்றால், மத்தியானத்துக்குள் "லாரியும் விலைக்கு வருதாமா" என்று நாலு பேர் போன் போடுவார்கள். தானமாகக் கொடுத்தால் கதையே வேறு. பணம் கொழுத்துப்போய்க் கொடுக்கிறான் என்பார்கள். எனக்கு அதுதான் வேண்டும். சேலம் பக்கத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன்.

இல்லத்துத் தலைமைச் சகோதரியை எல்லோரும் மதர் என்று கூப்பிடுவார்கள். நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டுப் போனில் கேட்டார். "ஐயா, இதுல எங்க பெரியவங்கள எப்படி ஏத்துறது?"

ஏற்றிவிடலாம், இறக்குவதுதான் கஷ்டம் என்று நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். காரை விற்று வேன் வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாக என்றேன்.

ஒப்படைக்கும் நாளில் மகன் பைக்கில் முன்னால் போய்விட்டான். நானும் மனைவியும் காரில் போனோம். இல்லத்துக் கேட்டருகே நல்ல கம்பம் ஒன்று இருந்தது. பார்த்ததும் மனம் குளிர்ந்தது. ஆனால் அவர்கள் முற்றத்தின் நட்டநடுவில் கோலம் போட்டு, கார் அங்கேதான் வர வேண்டும் என்று கைகாட்டினார்கள். சுற்றிலும் பிடித்துக்கொள்ள ஒரு குச்சி இல்லை. மனைவி மறுபக்கம் இறங்கிப் போய்விட்டாள். நல்லவேளையாகப் போட்டோக்காரர், உள்ளே உட்கார்ந்தபடியே மதரிடம் சாவியை நீட்டச் சொன்னார். நீட்டினேன். வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெரியவர்கள் கைதட்டினார்கள். தட்டி முடித்து, நான் இறங்குவதற்காகக் காத்திருந்தார்கள்.

"வெளிய வாங்கப்பா, சால்வ போடோணுமாமா," என்றான் மகன்.

"இருடா, மதருக்கு வண்டியப் பத்திச் சொல்ல வேண்டாமா?"

மதரிடம் சாவியைத் திரும்ப வாங்கி வண்டியைக் கிளப்பினேன். வைப்பரை ஆட்டிக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கினேன். காட்ட வேறொன்றும் இல்லாமல், குளிர்நாட்டுக்காரர்களுக்காக வைத்திருந்த, சீட்டைச் சூடாக்கும் பட்டனையும் அமுக்கினேன். சித்திரை வெயில். பதற்றத்தில் அதை அணைக்கும் விதம் மறந்துபோயிற்று. கீழே சுடச்சுட, முகத்தில் சிரிப்பு மாறாமல் மைலேஜ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

அப்போது வராந்தாவிலிருந்து ஒரு அம்மா வாக்கரைத் தள்ளிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். எண்பதைத் தாண்டியிருப்பார். கார் கதவைத் திறந்து, வாக்கரை என் முன்னால் வைத்துவிட்டு, விழாமல் இருக்கக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"இதப் புடிச்சுக்கிட்டு எந்திரிங்க சாமி. மொதல்ல எல்லாருக்கும் கூச்சமாத்தான் இருக்கும்."

பிடித்தேன். ஒரே மூச்சில் எழுந்துவிட்டேன். சாவி கொடுத்தபோது தட்டியதைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு என் கால்களையே பார்த்தாள்.

"எந்த ரூமுங்க சாமி குடுத்திருக்கறாங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

"நான் சேர வரலீங்க. இந்தக் காரக் குடுக்கறதுக்கு வந்தனுங்க."

"அப்படீங்களா," என்றார். அவர் முகத்தில் கேலி இல்லை. "நானு வீட்டக் குடுத்துப்போட்டு வந்தனுங்க சாமி."

மகன் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. மதர் சால்வையோடு வந்தார். கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த அம்மாவும் கதவைப் பிடித்தபடி தன் வாக்கருக்காகக் காத்திருந்தார். எனக்கு வாக்கரிலிருந்து கையை எடுக்க மனம் வரவில்லை.