கோர்ன்வால் பாட்டுக்கு ஓர் அடிக்குரல்

நோபல் பார்க்கில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரியவர் கோர்ன்வால் ஆள். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கரை அது. ஆனால் அவரிடம் 'இங்கிலாந்து' என்று சொல்லிவிடக்கூடாது. தாங்கள் வேறு சனம், தங்கள் பாஷை வேறு என்பார். எனக்கு அது உடனே விளங்கியது. இலங்கை என்றதும் என்னிடம் சிங்களத்தில் சுகம் விசாரித்தவர்களை நானும் கண்டிருக்கிறேன்.

நான் கதை குறைந்த மனிதன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது, ஆனால் கூச்சம் அதனால் வந்ததல்ல. அது பிறவிக்குணம். பக்கத்து டண்டினொங்கில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலை எனக்கு நன்றாகப் பொருந்துகிறது. பெட்டிகள் பதில் எதிர்பார்ப்பதில்லை. பெரியவரோடும் பல வருடமாக வேலிக்கு மேலால் கை அசைப்பதோடு சரி.

ஒரு புரட்டாதிச் சனிக்கிழமை அவருடைய மனைவி கையில் ஒரு தட்டோடு வந்தார். அவர்கள் ஊர்ப் பண்டம், மாவுக்குள் கறி வைத்துச் சுடும் பேஸ்டி. எங்கள் ஊரில் பொரிக்கும் பற்றிசுக்குப் பெரியப்பா முறை என்று சொல்லலாம். அதே அரைவட்டம், அதே முறுக்கிய ஓரம், அளவுதான் மூன்று மடங்கு. "உங்களுக்காக இறைச்சி போடவில்லை, கிழங்குதான்" என்றார். நான் விரதம். சாப்பிட முன் காகத்துக்கு வைக்க வேண்டும். மூலையை உடைத்து வேலிக்கட்டையில் வைத்தேன். காகம் வர முந்தி கறுப்பும் வெள்ளையுமான ஒரு மக்பைப் பறவை வந்து தூக்கிக்கொண்டு போனது. சனீஸ்வரன் இந்தக் கங்காரு நாட்டு நிலைமை தெரிந்து பொறுத்துக்கொள்வார்.

பெரியவர் இதைப் பார்த்துவிட்டுக் கைத்தடியையும் மறந்து வேலிக்கு ஓடி வந்தார்.

"உமக்கு இதை ஆர் சொல்லித் தந்தது?"

அவர்கள் ஊரில் வெள்ளீயச் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள் பேஸ்டியின் கடைசித் துண்டைத் தின்ன மாட்டார்களாம். இருட்டுக்குள் வசிக்கும் குட்டி மனிதர்களுக்கு எறிந்துவிடுவார்களாம். சுரங்கம் இடியப் போகிறதென்றால் அவர்கள்தான் சுவரில் தட்டி எச்சரிப்பார்களாம். சனி, காகம், முன்னோர் எல்லாவற்றையும் என் இங்கிலீசில் அடக்க முடியாது. "வீட்டுப் பழக்கம்" என்று மட்டும் சொன்னேன்.

அந்த ஒரு சொல்லில் நான் பாதிக் கோர்ன்வால்காரன் ஆகிவிட்டேன். அடுத்த கேள்வி, "பாடுவீரா?"

அவர்களிடம் ஓர் ஆண்கள் பாட்டுக் குழு இருந்தது. அதில் அடிக்குரல், அதாவது கட்டைச் சுருதி, பாடியவர்கள் இரண்டு பேர். ஒருவர் மகளோடு குயின்ஸ்லாந்துக்குப் போய்விட்டார். மிஞ்சியவர் இவர் ஒருவர்தான், இவருக்கும் நெஞ்சில் சளி. இன்னொரு ஆள் கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் தங்கள் சனம் கூடும் விழாவில் கோர்ன்வால் பாஷைப் பாட்டை விட்டுவிடுவோம், அடிக்குரல் வேண்டாத இங்கிலீஷ் பாட்டே போதும் என்று குழுத்தலைவர் சொல்லிவிட்டாராம். அது இவருடைய தகப்பனார் பாடிய பாட்டு. "வாற வருசம் எனக்கு மூச்சு இருக்குமோ தெரியாது" என்றார்.

"கோயிலிலை எல்லாரோடையும் சேர்ந்து பாடுவன், அவ்வளவுதான்."

"அது போதும்!"

வீட்டில் மனைவி சிரித்த சிரிப்பு அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். "ஆள் வந்தால் குசினிக்குள்ளை ஒளிக்கிற மனுசன், மேடை ஏறப் போறாராம்!"

மகள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்பா, யூ டோன்ட் ஈவன் ஆர்டர் பீட்ஸா" என்றாள்.

ஒத்திகைக்கு அவர் காரில்தான் போவோம். வழி முழுக்கக் கதை. அவர்கள் ஊர் மலைமுகட்டில் ஒருவன் நின்று கடலைப் பார்ப்பானாம். சூடை மீன் கூட்டமாக வந்தால் தண்ணீர் கறுக்கும், அவன் கத்துவான், ஊரே வலையோடு இறங்கும். வெள்ளீயத்தின் விலை விழுந்ததும் சனம் கப்பலேறிவிட்டது. அவருடைய பாட்டனாரின் தகப்பன் இங்கே தங்கம் தோண்ட வந்தவர்.

"உலகத்திலை எங்கை கிடங்கு வெட்டினாலும் அடியிலை எங்கட ஆள் ஒருத்தன் நிப்பான்" என்றார்.

"உலகத்திலை எங்கை பெற்றோல் அடிக்கிற செட் இருந்தாலும் உள்ளுக்கு எங்கட ஆள் ஒருத்தன் நிப்பான்" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். சிரிப்பில் அவர் பச்சை விளக்கையும் தவறவிட்டார். பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

பாட்டின் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்கினேன். பொருள் தெரியாதே என்று தயங்கியபோது, ஒத்திகையில் பக்கத்தில் நின்றவர் தனக்கும் பாதி தெரியாது என்றார். பேச ஆள் இல்லாமல் போன பாஷையைப் பழைய எழுத்துகளிலிருந்து திரும்பப் படித்து எடுத்தவர்களாம். அதன் பிறகு எனக்குக் கொஞ்சம் துணிவு வந்தது.

விழா கடற்கரையோர மண்டபம் ஒன்றில் நடந்தது. பின்வரிசையில், உயரமான ஒருவருக்குப் பின்னால் இடம் பிடித்துக்கொண்டேன். முகம் தெரியாது, அதுவே என் திட்டம். பாட்டுத் தொடங்கி இரண்டாவது அடியில் பெரியவருக்கு இருமல் பிடித்தது. கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டார். அடிக்குரல் அறுந்தது. உயரமானவர் திரும்பி என்னைப் பார்த்தார். குழுத்தலைவரும் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு, தேரிழுக்கும்போது பாடுகிற குரலை எடுத்தேன். எனக்கே பெரிய சத்தமாக இருந்தது. மற்றக் குரல்கள் வந்து அதன்மேல் ஏறிக்கொண்டன.

பாட்டு முடிந்ததும் கைதட்டல். இன்னொரு தரம் பாடு என்று சனம் கத்தியது. பெரியவர் தலையை ஆட்டிவிட்டு மெல்ல இறங்கி, முன்வரிசையில் மனைவிக்குப் பக்கத்துக் கதிரையில் போய் இருந்தார். மேலே அடிக்குரலுக்கு நான் ஒருவன்தான் மிச்சம்.

இவ்வளவு காலமும் குழுவுக்குள் நின்று பாடியவர், தகப்பனார் போன பிறகு அந்தப் பாட்டை வெளியிலிருந்து ஒரு தரமும் கேட்டதில்லை என்று அவருடைய மனைவி பிறகு சொன்னார். அந்த இரண்டாவது தரம் நான் கண்ணைத் திறந்துகொண்டு பாடினேன். அவர் கைகளை மடியில் வைத்து அசையாமல் இருந்தார். கண் ஈரமாகியிருந்தது. ஓரிடத்தில் மட்டும் முகத்தைச் சுளித்தார். அந்த இடத்தில் நாங்கள் பிழை விட்டிருக்க வேண்டும்.