ஆலிஸின் ரத்தத்தில் இல்லாதது

ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் சூசைநாதனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. ரொட்டிக்காரர் என்றால்தான் தெரியும். கோப்பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்து, மீசை முளைக்கும் முன்பே மரம் சீவப் போனவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது தொழிலாளர் லயத்தைக் காலி செய்துவிட்டு ஈப்போவுக்கு வந்தார். சீனர் ஒருவரின் ரொட்டிக் கடையில் வேலை கிடைத்தது. மோட்டார் சைக்கிளின் பின்னால் தகரப் பெட்டி கட்டிக்கொண்டு, சுண்ணாம்பு மலைகளின் அடிவாரத்து வீடுகளுக்கெல்லாம் காலையும் மாலையும் ரொட்டி கொண்டு போவார். வருஷத்தில் பாதி நாள் நெஞ்சில் சளி இருக்கும். சின்ன வயதிலிருந்தே காதில் சீழ் வடியும். தன் உடம்பு வாகு அப்படி என்று அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

மூத்த மகள் ஆலிஸ் 1973இல் பிறந்தாள். தாய்ப்பால் மறந்து கைக்கு ரொட்டித் துண்டு வந்த நாளிலிருந்து அவளுக்கு வயிறு ஒழுங்காக இருந்ததே இல்லை. அடிக்கடி பேதியாகும். கை கால் குச்சியாகவும் வயிறு மட்டும் பானையாகவும் வளர்ந்தாள். அப்பாவைப் போலவே காதில் சீழும் நெஞ்சில் சளியும் சேர்ந்துகொண்டன. பூச்சி மருந்து கொடுத்தார்கள். டானிக் கொடுத்தார்கள். இரண்டு முறை நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளைவிட நான்கு வயது சின்னப் பிள்ளைகளின் வரிசையில் நிற்க வைப்பார்கள். வாய் திறக்கமாட்டாள். மாலையில் அப்பாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் மட்டும் வாசலுக்கு வந்து நிற்பாள். பெட்டியில் மிஞ்சிய தேங்காய் பன்னை அவளுக்கென்று எடுத்து வைத்திருப்பார் சூசைநாதன். வேறு எதையும் விரும்பித் தின்னாத பிள்ளை அதையாவது தின்கிறதே என்று அவருக்கு நிம்மதி.

1984இல் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டர் ஜெயபாலன்தான் முதன்முதலில் கோதுமையின் மேல் சந்தேகப்பட்டார்.

"அண்ணே, சில பேரு குடலுக்குக் கோதுமை ஆகாது. ரொட்டி, பிஸ்கெட், மீ, எல்லாமே விஷம் மாதிரி. இப்ப அதுக்கு ரத்தச் சோதனை வந்திருக்கு. லண்டனுக்கு அனுப்பணும், ரெண்டு மாசம் ஆகும்லா."

ரத்தம் போனது. பதில் வரும்வரை சும்மா இருக்க ஆலிஸின் அம்மா ரோசரிக்கு மனம் வரவில்லை. டாக்டர் சொன்னதும் அவளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. கணவனிடம்கூடக் கேட்காமல் ரொட்டியையும் மீ நூடுல்ஸையும் நிறுத்தினாள். சோறு, மீன், முட்டை, மரவள்ளிக்கிழங்கு இவ்வளவுதான். ஆறாவது வாரம் ஆலிஸின் கன்னத்தில் லேசாகச் சதை பிடித்தது. ஒரு நாள் அவள் தங்கை எல்ஸியோடு வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்து ரோசரி அடுப்பங்கரைக்குள் போய் அழுதாள்.

பிறகு லண்டனிலிருந்து காகிதம் வந்தது. ரத்தத்தில் ஒன்றுமில்லை.

"கோதுமை இல்ல அண்ணே," என்றார் டாக்டர் ஜெயபாலன். "தாராளமா எல்லாம் கொடுங்க. உடம்பு தேறணும்."

அன்று வீட்டில் பெரிய வாக்குவாதம் நடந்தது.

"நீங்க அவ மூஞ்சியப் பாருங்க. ரொட்டி நிறுத்தினப்புறம்தானே இப்படி இருக்கா?"

"மருந்துல தேறியிருப்பா ரோசரி. லண்டன்ல மெசின் வச்சுப் பாத்துச் சொல்லியிருக்கான். நீயும் நானும் மரம் சீவுன ஆளுங்க, நமக்கு என்ன தெரியும்?"

"நான் பெத்தவ. எனக்குத் தெரியும்."

"பிள்ளையப் பட்டினி போடாத, சொல்லிட்டேன்."

மறுநாள் மாலை சூசைநாதன் தானே தேங்காய் பன்னைப் பிய்த்து மகளுக்கு ஊட்டினார். ஆலிஸ் அம்மாவைப் பார்த்தாள். ரோசரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாலு நாளில் பேதி திரும்ப வந்தது. அதற்கு வேறு காரணம் தேடினார்கள். உடம்பு இளைக்க இளைக்க இன்னும் கொஞ்சம் ரொட்டி கொடுத்தார்கள், பாலில் ஊறவைத்து, ஜீரணத்துக்கு லேசாக இருக்கட்டும் என்று.

அடுத்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஆலிஸுக்கு மூன்றாவது முறை நிமோனியா வந்தது. அதைத் தாங்க உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பகலில், ரோசரி துணி அலசப் போயிருந்த நேரத்தில், அப்பாவின் கையைப் பிடித்தபடியே போய்விட்டாள். பன்னிரண்டு வயது. சவப்பெட்டியை ஒரே ஆள் தூக்கிவிடலாம் போல் இருந்தது.

மறு வருஷக் கடைசியில் எல்ஸிக்கு அதே பேதி தொடங்கியது. அவளுக்கு ஏழு வயது. இந்த முறை ரோசரி யாரையும் கேட்கவில்லை. "கோலாலம்பூருக்குப் போலாம்," என்றாள். மூவரும் பஸ் ஏறினார்கள்.

அங்கே டாக்டர் சியூ என்ற சீனப் பெண்மணி. அதிகம் பேசமாட்டார், ஆனால் கேட்பார். ஆலிஸின் கதையை முழுக்கக் கேட்டார். சூசைநாதனின் காதை விளக்கடித்துப் பார்த்தார். மூவரிடமும் ரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு எல்ஸியைப் படுக்க வைத்து, நூல் மாதிரிக் குழாயின் நுனியில் கட்டிய சிறு குப்பியை விழுங்க வைத்துக் குடலிலிருந்து கடுகளவு சதையை எடுத்தார்கள். குழந்தை வாந்தி எடுத்தது, அழுதது. ரோசரி அவள் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் சூசைநாதனை அறைக்குள் கூப்பிட்டார். மலாயில் நிதானமாகச் சொன்னார்.

"உங்கள் மகளுக்குக் கோதுமைதான் ஆகவில்லை. குடல் அரித்துப்போயிருக்கிறது. நிறுத்தினால் ஆறிவிடும்."

"ரத்தத்தில் தெரிந்ததா டாக்டர்?"

"ரத்தத்தில் தெரியாது. கோதுமை ஆகாத உடம்பு அதை எதிர்த்து ஒரு பொருளை உண்டாக்கும். லண்டனில் தேடியது அந்தப் பொருளைத்தான். உங்களுக்கும் எல்ஸிக்கும் அந்த வகை எதிர்ப்புப் பொருள் பிறவியிலேயே கிடையாது. அதனால்தான் சளியும் காதுச் சீழும் உங்களை விடுவதில்லை. அடியோடு இல்லாத ஒன்றைத் தேடினால், இல்லை என்றுதானே பதில் வரும்."

சூசைநாதனுக்குப் புரிய நேரம் பிடித்தது.

"அப்படியானால் மூத்தவள்?"

டாக்டர் சியூ கண்ணாடியைக் கழற்றினார். "அவளைச் சோதிக்க இப்போது வழியில்லை. ஆனால் அவளுக்கும் இதுதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்."

ரோசரி வெளியே பெஞ்சில் எல்ஸியை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். சூசைநாதன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். அவள் கத்தவில்லை.

"நான் நிறுத்தினேன்ல," என்றாள்.

அதற்குமேல் அதைப் பற்றி அவள் எப்போதும் பேசியதில்லை. பேசியிருந்தால் தேவலை என்று சூசைநாதனுக்குப் பல தடவை தோன்றியது.

எல்ஸி பிழைத்தாள். வீட்டில் மாவு, பிஸ்கெட், மீ எதுவும் இல்லை. கிச்சாப் என்ற சோயா சாஸில்கூடக் கோதுமை இருக்கிறது என்று கேள்விப்பட்டு ரோசரி பாட்டிலையே தூக்கிப்போட்டாள். ஆறு மாதத்தில் பள்ளிச் சட்டை எல்ஸிக்குப் பத்தவில்லை. தோளருகே தையல் பிரிந்த அந்தச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சூசைநாதன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வேறு பிழைப்பு தெரியாததால் ரொட்டி விற்பதை அவர் விடவில்லை. ஆனால் பெட்டியை வீட்டுக்குக் கொண்டு வருவதில்லை. வெளிக் குழாயில் கை கால் கழுவி, சட்டை மாற்றிய பிறகே உள்ளே வருவார்.

எல்ஸி தேறிய பிறகு ஒரு சனிக்கிழமை, அவள் நோயைப் பற்றி டாக்டர் சியூ எழுதிக் கொடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டு தஞ்சோங் மாலிமுக்குப் போனார். டாக்டர் ஜெயபாலன் இப்போது அங்கே சொந்தமாகக் கிளினிக் வைத்திருந்தார். சண்டை போடப் போகவில்லை. அவரிடம் இதே மாதிரி இன்னொரு பிள்ளை வந்துவிடக் கூடாது என்றுதான்.

டாக்டருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. ஆலிஸையும் ஞாபகமில்லை. "ஈப்போவுல நெறைய பிள்ளைங்கள பாத்தேன் அண்ணே," என்றார்.

"காதுல பஞ்சு வச்சிருப்பா டாக்டர். ஊசி போட்டா அழமாட்டா. பதினொரு வயசு, பாக்க ஏழு மாதிரி இருப்பா."

டாக்டர் யோசித்தார். தெரிந்த மாதிரி நடிக்கவில்லை. காகிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"அன்னிக்கு எனக்கு இது தெரியலண்ணே. அந்த எதிர்ப்புப் பொருளே அவ ரத்தத்துல இருக்கான்னு முதல்ல பாக்கணும்னு எனக்குத் தோணல."

"ஒங்களுக்குத் தெரிய வழியில்ல டாக்டர். எனக்குத்தான் தெரிஞ்சிருக்கணும். அவ அம்மா சொன்னா."

டாக்டர் ஒரு நோட்டை எடுத்து, காகிதத்தில் இருந்ததை எழுதிக்கொண்டார். கடைசியில் நிமிர்ந்து, "பிள்ளை பேரு?" என்று கேட்டார்.

"ஆலிஸ். ஆலிஸ் சூசைநாதன்."

அதையும் எழுதினார். வெளியே இன்னும் பலர் காத்திருந்தார்கள். ஒரு குழந்தை விடாமல் இருமிக்கொண்டிருந்தது. சூசைநாதன் எழுந்து அதன் தாய்க்கு இடம் விட்டார்.