மீட்டரை நிறுத்தலாமா?

பஸ் டிக்கெட் விற்கும் அந்தக் கம்பெனியில் அவரை எல்லோரும் மீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும் தெரியும். மூன்றாவது மாடியில், ஏசி நேராகப் பிடரியில் அடிக்கும் மூலையில், நாலு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். டிக்கெட் பகுதி ஒழுங்காக ஓடுகிறதா, பணம் கட்டும் பகுதி மூச்சு வாங்குகிறதா என்பதையெல்லாம் கோடுகள் ஏறி இறங்குவதை வைத்தே சொல்லிவிடுவார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அது இவருக்காகவே சொன்னது. சினிமாவுக்குப் போனால்கூடத் திரையின் ஓரத்தில் ஏதாவது சிவப்பாகத் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்.

லீவு போட்டதே இல்லை. இதை அவர் பெருமையாகச் சொல்வார். அவர் மனைவி இதைப் பெருமையாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. போன வருஷம் வலது கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தபோது மனிதர் எட்டிப் பார்க்கவில்லை. அன்றைக்கு விடுமுறைக் கூட்டம், கோடுகள் எகிறிக்கொண்டிருந்தன. கண்ணில் கட்டோடு, பக்கத்துப் படுக்கைக்காரியின் மருமகன் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் வீடு வந்து சேர்ந்தாள். அதற்காக அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்று இவருக்கு இருந்தது.

இப்போது இடது கண்ணுக்கு வியாழக்கிழமை நாள் குறித்திருந்தார்கள்.

"இந்தத் தடவை நீங்க வெளியில உக்காந்திருந்தா போதும். வேற ஒண்ணும் வேணாம்," என்றாள்.

"சத்தியமா வரேன்," என்றார் மீட்டர். மனதாரத்தான் சொன்னார்.

இந்த நேரம் பார்த்து மேனேஜர் ஒரு புதுக் கருவியைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். கம்பெனியின் சேவைகள் எப்படி ஓடுகின்றன என்று இனி ஏஐ ஏஜெண்டுகள் என்ற கம்ப்யூட்டர் மூளைகளே விசாரித்துக்கொள்ளும். ஏஜெண்ட் கருவியிடம் கேட்கும், கருவி எண்களை எடுத்துக் கொடுக்கும், ஏஜெண்ட் அதை வைத்து இதை நிறுத்து, அதைக் கூட்டு என்று முடிவு சொல்லும். நல்ல கருவிதான், குறை சொல்லக் கூடாது. கொண்டுவந்த ஆளிடம்தான் கோளாறு. எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று ஒவ்வொரு சேவையாக அதில் சேர்த்துக்கொண்டே வந்தவர், டிக்கெட், பணம், குறுஞ்செய்தி எல்லாம் முடிந்ததும் மீட்டரையும் சேர்த்துவிட்டார்.

"சார், நான் மனுஷன் சார்."

"இருந்துட்டுப் போங்க. நீங்க நின்னாலும் கம்பெனி நிக்கும்ல? அப்ப உங்களையும் கவனிக்கணும்," என்று ஒரே போடாகப் போட்டார் மேனேஜர்.

அன்றிலிருந்து ஏஜெண்டுகள் மீட்டரையும் விசாரிக்க ஆரம்பித்தன. இயங்குகிறாயா என்று கேள்வி வரும், பட்டனை அழுத்த வேண்டும். பணப் பகுதி ஏன் மெதுவாக இருக்கிறது என்று வரும், பதில் அடிக்க வேண்டும். பதில் வர ஆன நேரத்தையும் அதிலிருந்த தப்புகளையும் கருவி பதிந்துகொள்ளும். சீக்கிரமே மீட்டருக்கென்று ஒரு தனிக் கோடு ஓடத் தொடங்கியது. சாப்பிட்டுவிட்டு வந்தால் அது தொய்ந்தது. உடனே மேனேஜர் ஓடிவந்து, "என்ன சாப்ட்டீங்க? ஏஜெண்ட் கேக்குது," என்பார். ஒரு தடவை தும்மியதில் கை தவறி வேறு பட்டனில் பட்டுவிட்டது. அது தப்புக் கணக்கில் ஏறியது. காலமெல்லாம் மற்றவற்றின் கோடுகளைப் பார்த்தவர், இப்போது தன் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை, மென்று விழுங்கி லீவு கேட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா எந்தச் சேவையை நிறுத்துறதா இருந்தாலும் ஏஜெண்ட் சரின்னு சொல்லணும். அதான் புது முறை," என்ற மேனேஜர் அங்கேயே கேள்வியை அடித்தார்: வியாழக்கிழமை மீட்டரை நிறுத்தலாமா?

ஏஜெண்ட் கருவியிடம் கேட்டது. கருவி எண்களைக் கொடுத்தது. பதில் வந்தது: இந்தச் சேவை இதுவரை ஒருமுறைகூட நிறுத்தப்பட்டதில்லை. நிறுத்தினால் திரும்ப ஓடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நிறுத்த வேண்டாம்.

மேனேஜர் பலமாகத் தலையாட்டினார். அவருக்கு அது நன்றாகப் புரிந்தது. கீழ்த்தளத்தில் ஒரு பழைய சர்வர் கம்ப்யூட்டர் இப்படித்தான் இருக்கிறது. அணைத்தால் மறுபடி எழுந்திருக்காதோ என்ற பயத்தில் யாரும் அதன் பக்கத்தில் பெருக்குவதுகூட இல்லை.

"சார், தினமும் வீட்டுக்குப் போய்ட்டுத் திரும்பத்தானே வரேன்?"

"அது கருவிக்கு எப்படித் தெரியும்? வீட்ல இருந்தும் போன்ல பட்டனை அழுத்திட்டுத்தானே இருக்கீங்க!"

அழுத்திக்கொண்டுதான் இருந்தார். குளிக்கும்போதுகூடச் சோப்புக் கையோடு வெளியே வந்து அழுத்தியிருக்கிறார். லீவே போடாத பெருமை இப்போது அவர் கழுத்தையே பிடித்தது. வேண்டுமானால் அரை மணி நேரம் சும்மா நிறுத்திப் பார்க்கலாமே என்று ஏஜெண்டிடமே கெஞ்சிப் பார்த்தார். அந்த யோசனையை ஒரு கோளாறின் அறிகுறியாக அது மேனேஜருக்குத் தெரிவித்தது.

வியாழக்கிழமை காலையில் மீட்டர் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். வீரமாகவெல்லாம் இல்லை, பயந்துகொண்டேதான். ஆபரேஷன் அறைக்கு வெளியே இரும்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்து, கண்ணில் கட்டோடு வந்தவள் இவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"வந்துட்டீங்களா!" என்றாள். அதில் இருந்த ஆச்சரியம் இவருக்குச் சுருக்கென்றது.

அவளை உட்காரவைத்துவிட்டு, வேலை போயிற்றா என்று தெரிந்துகொள்வதற்காகப் போனைப் போட்டார். மேனேஜர் காத்துக்கொண்டிருந்தார்.

"மீட்டர்! இன்னைக்கு என்ன பண்ணீங்க? பிரமாதம்!"

கருவிக்கு ஒரு பழக்கம். எண் எதுவும் வராவிட்டால் அந்த இடத்தில் பூஜ்யம் போட்டுவிடும். பதில் சொல்ல ஆன நேரம் பூஜ்யம், தப்பு பூஜ்யம். இவ்வளவு வேகமாக, ஒரு தப்புகூட இல்லாமல் அந்தக் கம்பெனியில் எதுவும் ஓடியதில்லை என்று ஏஜெண்ட் புல்லரித்துப்போயிருந்தது.

"நான் வேலைக்கே வரலையே சார்."

"வந்து கெடுத்துடாதீங்க! இன்னைக்கு மாதிரியே தினமும் இருக்கட்டும்னு ஏஜெண்ட் சொல்லிடுச்சு. சம்பளம் அது பாட்டுக்கு வரும்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மீட்டருக்குச் சிரிப்பு வரவில்லை. பார்த்துப் பார்த்து வேலை செய்த அத்தனை வருஷமும், அவர் இல்லாத ஒரு காலைப்பொழுதுக்கு ஈடாகவில்லை. நிஜமாகவே வலித்தது.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"நான் இல்லாதப்பதான் தப்பே நடக்கலையாம். இனிமே வர வேணாமாம்."

அவள் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மீட்டர் அவளைப் பத்திரமாக நடத்திக் கூட்டிப்போனார். நேராகக் கொண்டுபோய் வாசல் கதவில் அவள் தோளை இடித்தார். பதறிப்போய் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவரை அவள் தடுத்தாள்.

"பரவால்ல, விடுங்க. தப்பெல்லாம் இனிமே வீட்ல இருந்து பண்ணுங்க."